பூட்டுகளை எண்ணிக்கொண்டு போன சனிக்கிழமை

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

சென்னை, கோவை, சிங்கப்பூர், கலிபோர்னியா என்று நீங்கள் திசைக்கொருவராக இருக்கிறீர்கள். தனித்தனியாகக் கடிதம் போட வழியில்லை. போட்டாலும் யாருக்குப் போடுவது? ஒரு வீட்டுக்கு முப்பது பங்கு, நாற்பது பங்கு என்று இருக்கிறது. வீட்டு வரி ரசீது இன்னும் கொள்ளுப்பாட்டன் பெயரிலேயே வந்துகொண்டிருக்கிறது. அவருக்கு எழுதினால் பதில் வராது. ஆகவே பொதுவில் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் உங்களைப் போல நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், இல்லை. எந்த வீட்டிலும் எனக்குக் காலணா பங்கு கிடையாது. காரைக்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் முப்பத்தோரு ஆண்டு வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். என் அப்பாவைப் பெற்ற அய்யா பூச்சு வேலைக் கொத்தனார். உங்கள் வீட்டுச் சுவர்களைப் பார்க்க வருகிறவர்கள் "இது என்ன, சலவைக்கல்லா?" என்று தடவித் தடவிப் பார்க்கிறார்களே, அந்தப் பூச்சு. சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைச் சேர்த்து, மேல்பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து, கை சலிக்கத் தேய்த்து எடுத்தது. பத்து வயதில் அய்யாவுக்குக் கிடைத்த முதல் வேலை முட்டை உடைப்பது. வெள்ளையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு மஞ்சளை வீட்டுக்கு எடுத்துப்போகலாம். வெள்ளைக்கரு செட்டியார் வீட்டுச் சுவருக்கு, மஞ்சள்கரு எங்கள் தெருவுக்கு. ஒரு வீட்டு வேலை முடிவதற்குள் முட்டை என்றாலே தெருப் பிள்ளைகள் ஓடி ஒளிந்தார்களாம். அப்பத்தா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்த மஞ்சள்கரு பாத்தியதையில்தான் உங்களிடம் பேசுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன கார்த்திகையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது சென்னையில் கட்டிடக்கலை கற்றுக்கொடுக்கிறாள். தன் மாணவர்கள் பதினாறு பேரை வெள்ளிக்கிழமை பல்லவன் ரயிலில் ஏற்றிக் கூட்டிவந்தாள். சனி, ஞாயிறு இரண்டே நாள். "எத்தனை வீடு முடியுமோ அத்தனை வீடு காட்டுங்கள் சார்" என்றாள். நானும் பெரிய திட்டம் போட்டிருந்தேன். காலையில் ஆத்தங்குடி, மதியம் கானாடுகாத்தான், சாயங்காலம் பள்ளத்தூர், மறுநாள் கொத்தமங்கலம், கோட்டையூர், காரைக்குடியின் உள்தெருக்கள்.

ஆத்தங்குடியில் பெரிய வீட்டைப் பார்த்தோம். கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்தில், தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லை வார்க்கும் கொட்டகைக்கும் போனோம். கண்ணாடித் தட்டின்மேல் அச்சை வைத்து, அறை அறையாகச் சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, காயவைத்து, பிறகு தண்ணீர்த் தொட்டியில் இறக்குகிறார்கள். சூளையே கிடையாது. கண்ணாடியிலிருந்து கல் பிரியும்போது பூவோடு பளபளப்பும் சேர்ந்து வருகிறது. பிள்ளைகள் அங்கேயே அரை நாளைக் கழித்திருப்பார்கள், நான்தான் விரட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கானாடுகாத்தானில்தான் என் திட்டம் கவிழ்ந்தது. இரண்டொரு வீடுகளுக்குள் போக முடிந்தது. மற்றதெல்லாம் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்ததுதான். முகப்புக்கு மேலே கஜலட்சுமி, சுதைப் பொம்மைகள், இரண்டு பக்கமும் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய், கதவில் கைப்பிடி அளவுக்குப் பூட்டு. ஒரு மாணவி வேடிக்கையாகப் பூட்டுகளை எண்ண ஆரம்பித்தாள். இருபதில் நிறுத்திவிட்டாள். "சார், நாங்கள் செட்டிநாட்டு வீட்டின் வளவை முட்டுக்காட்டில்தான் ஒழுங்காகப் பார்த்தோம்" என்றான் ஒரு பையன். (வளவு என்பது வீட்டு நடுவே வானம் பார்த்த முற்றம்.) சென்னைக்குப் பக்கத்தில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில், இங்கிருந்து பெயர்த்துக் கொண்டுபோன பாகங்களை வைத்து எழுப்பிய வீட்டைச் சொல்கிறான். அவன் குத்திக்காட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னான். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் ஓர் ஊரில் (ஊர்ப்பெயர் வேண்டாம், காவலுக்கு இருப்பவரின் வேலை போய்விடும்) ஒரு பெரியவர் என் முகத்துக்காகத் திறந்துவிட்டார். "பின்கட்டுப் பக்கம் மட்டும் போகாதீங்க வாத்தியாரையா" என்றார். போகாதே என்றால் மாணவர்கள் போகாமல் இருப்பார்களா? முகப்பு, பட்டாலைக் கூடம், வளவு எல்லாம் ராஜா மாதிரி இருந்தது. வரிசையாகப் பர்மாத் தேக்குத் தூண்கள், இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். இரண்டாங்கட்டும் பரவாயில்லை. மூன்றாங்கட்டில் மேற்கு மூலையைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. ஓடு சரிந்து வானம் தெரிந்தது. சுவரில் அரசங்கன்று ஒன்று ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. உத்தரத்தில் ஒரு பையன் விரலை வைத்து அழுத்தினான், விரல் உள்ளே போனது. தேக்கு! கப்பலில் வந்து நூறு ஆண்டு நின்ற தேக்கு!

எப்படி வந்தது இந்தக் கதி? வயதா, கறையானா, காசில்லாமையா? ஒன்றுமில்லை, வேப்பிலை. இந்த வீடுகளின் கூரையை நீங்கள் பிள்ளைப் பிராயத்தில் பார்த்திருப்பீர்கள். கையால் செய்த நாட்டு ஓட்டை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கடுக்காகப் போட்டது. அதனால்தான் சித்திரை வெயிலிலும் உள்ளே வெக்கை இறங்குவதில்லை. நான்கு பக்கக் கூரையும் வளவைப் பார்த்துச் சரிகிறது. பெய்கிற மழை அத்தனையும் வளவில் விழுந்து, கல் பாவிய தரையில் வடிந்து, தெரு வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போக வேண்டும். ஆறில்லாத பூமியில் ஊர் கட்டியவர்களின் கணக்கு அது. இரண்டு கூரை வந்து சேரும் மூலைக்குக் கூடல்வாய் என்று பெயர். எல்லாத் தண்ணீரும் அந்த ஒரு வாய் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். அங்கே இலை அடைத்தால் தண்ணீர் எதிர்த்து ஓட்டுக்கு அடியில் புகும். முதல் மழைக்குச் சட்டம் நனையும், இரண்டாம் ஆண்டு உளுக்கும், நான்காம் ஆண்டு ஓடு சரியும், அப்புறம் சுவரின் சுண்ணாம்பு கரையும். புரட்டாசியில் ஒருவர் ஏணி போட்டு ஏறிக் கால் மணி நேரம் கையால் வழித்துப் போட்டிருந்தால் அந்த மூலை இன்றைக்கும் நிற்கும். முன்பெல்லாம் ஏறினார்கள். ஏனென்றால் வீட்டில் ஆள் இருந்தது, ஆச்சி கீழே நின்றுகொண்டு "அந்த மூலையையும் பாருடா" என்று சத்தம் போட்டார்.

என் கட்சி இவ்வளவுதான். உங்கள் வீடுகளைக் கெடுப்பது மழையும் இல்லை, வெயிலும் இல்லை, வேடிக்கை பார்க்க வருகிறவர்களும் இல்லை. பூட்டுத்தான் கெடுக்கிறது. ஆத்தங்குடிக் கல்லே அதற்குச் சாட்சி. ஆள் நடக்கிற பட்டாலையில் கல் கண்ணாடியாக மின்னுகிறது. ஆள் போகாத அறையில் அதே கல், அதே ஆண்டு பதித்தது, சாம்பல் பூத்துக் கிடக்கிறது. நடக்க நடக்கத்தான் அதற்கு மெருகு.

ஆகவே நான் கேட்பது, ஆண்டுக்கு இரண்டு நாள், ஒரு சனி, ஒரு ஞாயிறு, வீட்டைத் திறந்து வையுங்கள். ஊர்க்காரர்களும் வெளியூர்க்காரர்களும் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.

நானாகக் கனவு கண்டு சொல்வதில்லை. பிரான்சில் 1984இல் இப்படி ஒன்றைத் தொடங்கினார்கள். செப்டம்பர் மாதத்தில் ஒரு வாரக் கடைசியில், வழக்கமாகப் பூட்டிக்கிடக்கும் மாளிகைகளையும் அரசு அலுவலகங்களையும் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். அது பின்னர் ஐரோப்பா முழுக்கப் பரவிவிட்டது. லண்டனில் 1992 முதல் தனியாகவே நடக்கிறது. அங்கே தனியார் வீடுகளும் திறக்கின்றன, சில இடங்களில் வீட்டுக்காரரே வாசலில் நின்று கதை சொல்கிறார். அங்கே குடியிருக்கும் உங்கள் பிள்ளைகள் வரிசையில் நின்று யாரோ ஒரு பிரபுவின் வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள், கேட்டுப்பாருங்கள். சொந்த வீட்டு மூன்றாங்கட்டைப் பார்த்திருக்கிறார்களா என்பதையும் கையோடு கேட்டுவிடுங்கள்.

வீட்டைத் திறப்பதென்றால் முதல் நாள் கூட்ட வேண்டும். கூட்டும்போது எலி ஓடும், ஒழுகல் தெரியும், கூடல்வாயை யாராவது அண்ணாந்து பார்ப்பார்கள். வருகிறவர்கள் பார்ப்பதைவிட, அவர்கள் வருகிறார்கள் என்பதற்காக நீங்கள் பார்ப்பதில்தான் வீடு பிழைக்கிறது. கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் போடும் படைப்புக்கும் நீங்கள் வந்து இறங்கும்போது ஊரே பார்க்கிறது, பத்து நாளைக்கு முன்பே வெள்ளையடிப்பும் ஒட்டடையடிப்பும் தொடங்கிவிடும். ஆனால் படைப்பு எல்லா வீட்டிலும் இல்லை, கல்யாணமும் மண்டபத்துக்குப் போய்விட்டது.

பங்காளிகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பீர்கள். பங்காளிச் சிக்கல் எனக்குத் தெரியாததில்லை. வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு சாவி, சாவி ஒவ்வொரு நாட்டில். அறைகளைத் திறக்கச் சொல்லவில்லை. சாமி அறையை யாரும் எட்டிப்பார்க்கவும் வேண்டாம். முகப்பும் வளவும் பின்கட்டு வரைக்குமான நடையும் பொதுதானே? சினிமாப் படப்பிடிப்பு என்று கேட்டு வந்தால் அத்தனை பங்காளியின் சம்மதமும் ஒரு வாரத்தில் எப்படியோ சேர்ந்துவிடுகிறது. தூணில் ஆணி அடித்துவிட்டுப் போகிறார்கள், வளவில் செம்மண்ணைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள், வாடகை வாங்கியாயிற்று என்று நீங்களும் பேசாமல் இருக்கிறீர்கள். அந்தச் சம்மதத்தில் பாதி போதும் எங்களுக்கு.

எந்த வீடு திறப்பது, யார் வீடு முதலில் என்று வரிசைச் சண்டை வரும் என்றார் எனக்குத் தெரிந்த செட்டியார் ஒருவர். அவருக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கல் வைக்கிறீர்கள். தைப் பொங்கலுக்கு அடுத்த செவ்வாயன்று கண்ணுடைய நாயகி வாசலில் அத்தனை புள்ளியும் பானை வைக்கிறது. முதல் பானை யாருடையது என்று அடித்துக்கொண்டீர்களா? சீட்டுக் குலுக்கித்தானே எடுக்கிறீர்கள்? கோடீசுவரனுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் அதே குடம், அதே சீட்டு. அப்படி ஒரு வழக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிசைக்குப் பயப்படுவதா? ஊருக்கு ஐந்து வீடு என்று சீட்டுப் போட்டு எடுங்கள். அடுத்த ஆண்டு வேறு ஐந்து. செவ்வாய்ப் பொங்கலுக்கு முந்தைய சனி, ஞாயிறு என்றே வைத்துக்கொள்ளலாம். பொங்கலுக்கென்று உங்களில் பலர் எப்படியும் ஊரில்தான் இருப்பீர்கள்.

காசியில் சத்திரம் கட்டி, விசுவநாதருக்குப் பூசைப் பொருளை நாள் தவறாமல் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள் நீங்கள். காவடி தூக்கிக்கொண்டு பழனிக்குத் தலைமுறை தலைமுறையாக நடக்கிறவர்கள். ஒழுங்காக ஒன்றை நடத்துவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

திருட்டுப் பயம் நியாயமானது. ஆனால் திருட்டு நடப்பது திறந்த வீட்டிலா, பூட்டிய வீட்டிலா? காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு தடவை நடந்துவிட்டு வாருங்கள். நிலைக்கதவுகளும் தூண்களும் பெட்டகங்களும் எனாமல் சாமான்களும் கடைக்குக் கடை சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. கடைக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் வாங்காவிட்டால் பாதி அடுப்புக்குப் போயிருக்கும். பங்கு பிரிக்க முடியாமல் வீட்டை இடித்து, மரத்தைத் தனியாக விற்று, மனையைத் தனியாக விற்றவர்கள் உங்களில்தான் இருக்கிறார்கள். நூறு ஆண்டு கடந்த கட்டிடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனியார் யாரும் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. அதே கதவு வீட்டிலேயே நிற்கும்வரை, அந்த வீடு பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்படாதவரை, அதன்மேல் கறையான் ஏறினாலும் கேட்க நாதியில்லை. விசித்திரமான சட்டம்தான், என்ன செய்வது.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதை எங்களிடம் கேட்கிறீர்களே என்று சிலருக்குத் தோன்றும். அரசாங்கத்துக்கும் மனுப் போட்டிருக்கிறேன், அந்தக் கதை இங்கே வேண்டாம். 2014இல் செட்டிநாட்டின் 11 ஊர்களை மூன்று தொகுதியாக்கி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்த்தார்கள். தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012லேயே நிறைவேறியது. பட்டியலும் சட்டமும் வேண்டியவைதான். ஆனால் எந்த ஆணையம் வந்தாலும் உங்கள் கொல்லைப்புறத்துக் கூடல்வாயில் ஏறி இலை அள்ளாது.

பணம் எங்கே என்பீர்கள். பணம் நின்றுபோன கதையை நான் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். 1930களின் பொருளாதார மந்தத்தில், உங்கள் முன்னோர் பர்மாவில் வட்டிக்குக் கொடுத்த கடன் திரும்பாமல் அடமான நிலமாக வந்து சேர்ந்து, கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் நான்கில் ஒரு பங்கு செட்டியார்கள் கைக்குப் போனது. (நிலத்தை இழந்த பர்மியக் குடியானவன் பக்கத்தில் இது வேறு கதை. அதையும் வகுப்பில் சொன்னதுண்டு.) 1942இல் ஜப்பான் படை உள்ளே வந்தது. 1948இல் நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் வந்தது. தேக்கு வந்த ஊரிலிருந்து வருமானம் வருவது அத்தோடு போயிற்று. அவ்வளவு பெரிய வீட்டை முழுதாகப் புதுப்பிக்க இன்றைக்கு ஒரு சம்பளக்காரரால் முடியாது, ஒப்புக்கொள்கிறேன். எல்லா வீட்டையும் விடுதியாக்கவும் முடியாது. ஆக்கவும் வேண்டாம் என்பது என் எண்ணம். கொத்தமங்கலத்தில் 1910இல் கட்டிய சாரதா விலாஸை பிரெஞ்சுக் கட்டிடக் கலைஞர்கள் இருவர் எடுத்து நன்றாகச் செப்பனிட்டு விடுதியாக நடத்துகிறார்கள். அப்படிச் செய்கிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் ஊரில் அத்தனை வீடும் விடுதியானால் தங்குவதற்கு யார் வருவது, ஊர் என்று சொல்ல யார் இருப்பது? இரண்டு நாள் திறப்பதற்கு விடுதிக்காரரின் முதல் வேண்டியதில்லை. துடைப்பம், ஏணி, நாலு ஆள் போதும். வருகிறவர்களிடம் தலைக்கு நூறு ரூபாய் வாங்குங்கள். அதை வரவு வைத்து அந்த ஆண்டு ஓடு மாற்றுங்கள். கணக்கெழுதத் தெரியாதவர்களா நீங்கள்?

ஒரே ஒரு நிபந்தனை மட்டும் என் பக்கத்திலிருந்து. வருகிறவர்களுக்கு வீட்டைக் காட்டுவது வெளியூர்க் குரலாக இருக்கக் கூடாது. ஆயிரம் ஜன்னல், அரண்மனை, பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலிச் சலவைக்கல் என்று விலைப்பட்டியல் வாசிப்பவர்களைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எந்தத் திண்ணையில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்தார், மாமியாரும் மருமகளும் ஒரே கூரைக்குக் கீழே தனித்தனி அடுப்பு வைத்து ஏன் சமைத்தார்கள், மழை பெய்தால் வளவில் எந்தப் பக்கம் அண்டா வைப்பார்கள், இதெல்லாம் உங்கள் வீட்டு ஆச்சிகளுக்குத் தெரியும். அதே வீட்டில் கல்யாணச் சமையலுக்கு மாவு இடித்த அம்மாக்களுக்கும் தெரியும். இரண்டு பேரும் வளவில் உட்கார்ந்து சொல்லட்டும். ஆசாரி, கொத்தனார், கல் வார்த்தவர் வீட்டுப் பிள்ளைகளும் அந்த இரண்டு நாள் முன்வாசல் வழியாக வந்து பார்க்கட்டும். என் அய்யா பூசிய சுவரை என் பேத்திக்கு இன்றுவரை நான் காட்டியதில்லை. எந்த வீடு என்று தெரியும். கதவு திறந்து பார்த்ததில்லை.

வருகிற தைக்கு ஒரே ஓர் ஊரில் ஐந்து வீடு போதும். பழைய மாணவர்கள் முப்பது பேர் கூட்டுவதற்கும் வாசலில் செருப்புப் பார்த்துக்கொள்வதற்கும் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஏணி என்னிடம் இருக்கிறது, மூன்றாங்கட்டுக் கூரைக்கு எட்டும். சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள். பின்கட்டுச் சாவியும் சேர்த்து.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
காரைக்குடி